சுமை தாங்கும் தையல்

கைப்பிடி வைத்த எளிய துணிப்பையே தையல் கற்கத் தொடங்குபவரின் கையில் முதலில் கொடுக்கப்படும் பயிற்சியாகப் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. உடம்பின் அளவை எடுக்க வேண்டியதில்லை, கழுத்து வளைவும் கைக்குழி வளைவும் இல்லை, நேர்கோட்டில் தைக்கத் தெரிந்தால் போதும் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அவை சரியானவையே எனினும், பையின் தனித்தன்மையை முழுமையாகக் காட்டுவன ஆகா. சட்டையும் பாவாடையும் உடம்பின்மேல் கிடந்து அதைப் போர்த்துகின்றன. பையோ தன் எடையைப்போலப் பல மடங்கு எடையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. பார்வைக்கு நேராக அமைந்த தையலும் சுமை விழும் இடத்தை அறியாமல் போடப்பட்டிருந்தால் சந்தையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பிரிந்துவிடும். ஆகவே பை தைக்கக் கற்பது என்பது, துணியின் எந்த இழை எந்தத் திசையில் எவ்வளவு தாங்கும் என்று கற்பதே ஆகும். பினாங்கு மாநிலத்தின் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களிடம் இவ்வறிவு எவ்வாறு இருந்தது, எவ்வாறு தேய்ந்தது, மீண்டும் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதைக் கட்டுரையாளர் தாம் கற்ற, பின்னர்க் கற்பித்த நாள்களின் நினைவுகளைக் கொண்டு இங்கே பதிவு செய்கிறார்.

தாசேக் கெலுகோர், தீவுப் பகுதியான ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் வடக்கு மாவட்டத்தில் அமைந்த சிற்றூர். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே பாடாங் பெசார் வரை செல்லும் இருப்புப்பாதையில், புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டி, சுங்கை பட்டாணிக்கு முன்பாக இதன் நிலையம் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து பெற்று ‘வெல்லெஸ்லி மாகாணம்’ என்று பெயரிட்ட இந்நிலப்பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும் அவற்றைத் தொடர்ந்து 20ஆம் நூற்றாண்டில் இரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன. இத்தோட்டங்களுக்கு 1910 வரை ஒப்பந்த முறையிலும், 1938 வரை கங்காணி முறையிலும் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்த முறையில் தொழிலாளி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டிருப்பார். கங்காணி முறையில் தோட்டத்து மேற்பார்வையாளரே தம் சொந்த ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். இவ்வாறு வந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளுமே இக்கட்டுரையில் வரும் பெண்கள்.

தோட்டத்து வாழ்க்கையில் பையின் தேவை காலைப் பிரட்டிலேயே தொடங்கிவிடும். பிரட்டு என்பது விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். பால்மரம் எனப்படும் இரப்பர் மரத்தை வெட்டும் பெண்ணுக்கு உளியும் வாளியும் போலவே இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பையும் வேண்டியிருந்தது. மங்கு எனப்படும் சிறு கிண்ணத்தில் உறைந்துபோன கட்டிப்பாலையும், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய பாலையும் அவர் அதில் போட்டுக்கொள்வார், அவற்றுக்கும் எடை பார்த்துக் கூலி உண்டு. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோக ஒரு பை, பிள்ளைகளின் சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் ஒரு பை, தோட்டத்துக் கடையில் சாமான் வாங்க ஒரு பை, கோயிலுக்குத் தேங்காய் பழம் எடுத்துச்செல்ல ஒரு பை, பாட்டிமார் வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து மடியில் செருகிக்கொள்ளச் சுருக்குப்பை என்று லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் ஒரு வீட்டு ஆணிகளில் பலவகைப் பைகள் தொங்கின. இவற்றுள் கடையில் வாங்கியவை அரிது. வேலைநாள் கூலியில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பை என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாகத் தோன்றியதே இல்லை.

துணியும் அவ்வாறே விலையின்றி வந்தது. கோதுமை மாவு ஒரு காலத்தில் காடாத்துணிச் சாக்குகளில் வந்தது. காடா என்பது வெளுக்கப்படாத, சாயமேறாத முரட்டுப் பருத்தித் துணி. சாக்கின் வாயையும் அடியையும் தைத்திருக்கும் சங்கிலித் தையலின் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் நூல் முழுவதும் ஒரே ஓட்டத்தில் உருவிக்கொண்டு வரும். அந்நூலும் வீணாக்கப்படாமல் குச்சியில் சுற்றி வைக்கப்படும். சவர்க்காரத்தில் ஊறவைத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தினாலும் சாக்கின் வணிக முத்திரை மங்குமேயன்றி முற்றாக மறையாது என்பதால், முத்திரை இருந்த பக்கம் பையின் உட்புறமாக அமையும்படி வெட்டுவது வழக்கமாக இருந்தது. மாவுச் சாக்கைப் போலவே, நடுவில் நைந்து ஓரங்களில் திடமாக இருக்கும் கைலி, முழங்கால் கிழிந்த காற்சட்டை, நிறம் போன படுக்கை விரிப்பு ஆகியனவும் பைத் துணிகளாயின. எந்தத் துணியின் எந்தப் பகுதி இன்னும் உழைக்கும் என்று தடவிப் பார்த்தே சொல்லும் ஆற்றல், கட்டுரையாளரின் அத்தையைப் போன்ற பெண்களிடம் மிக இயல்பாக இருந்தது. துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இழைகளுக்கிடையே வெளிச்சம் எங்கே அதிகம் வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு ஒதுக்குவார்கள்.

தையல் இயந்திரம் அந்த வீடுகளின் பெருமைக்குரிய உடைமை. இலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டிலும் ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொறிகளின் வழிவந்த கால்மிதி இயந்திரம், சிங்கர் நிறுவனத்தின் மாதத் தவணை முறை வாயிலாகவே மலாயாவின் எளிய வீடுகளுக்குள் நுழைந்தது. ஊசியில் வரும் மேல்நூலும், அடியில் பாபின் எனப்படும் சிறு உருளையில் சுற்றப்பட்டு வரும் கீழ்நூலும் துணியின் கனத்துக்கு நடுவே ஒன்றையொன்று பின்னிப் பூட்டிக்கொள்வதே இந்த இயந்திரத் தையலின் அடிப்படை. இவ்வாறு பூட்டிக்கொள்வதால்தான், கைத்தையலில் ஓட்டுத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுவதும் தளர்வதுபோல் இதில் எளிதில் தளர்வதில்லை. பை தைப்பதற்கு இயந்திரத் தையல் ஏற்றதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

1980களில் கட்டுரையாளர் பள்ளிச் சிறுமியாக அத்தை வீட்டில் அமர்ந்து கற்றபோது, முதலில் அவரிடம் துணி கொடுக்கப்படவில்லை, நூலும் கோக்கப்படவில்லை. பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டின்மேலேயே ஊசித் துளைகள் விழும்படி மிதிக்க வேண்டும் என்பதே முதல் பாடம். கால்மிதி இயந்திரத்தில் கைச்சக்கரத்தைத் தன்னை நோக்கிச் சுழற்றித் தொடங்கிவிட்டு, அச்சுழற்சி நிற்குமுன் பாதத்தின் முன்பகுதியும் குதிகாலும் மாறிமாறி மிதியை அழுத்தத் தொடங்க வேண்டும். கணுக்கால் தாளம் தவறினால் சக்கரம் எதிர்ப்புறமாகச் சுழன்று, நூல் கோத்திருந்தால் அதைச் சிக்காக்கி அறுத்துவிடும். கண் தாளில் இருக்க, கை திசையை மட்டும் காட்ட, கால் தானாக இயங்கும் நிலை வரும்வரை தாள்கள் துளைக்கப்பட்டன. துணிக்கு மாறிய பிறகு அத்தை திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: “பாப்பா, துணிய இழுக்காதே. மிஷின் தானா எடுத்துக்கும்.” ஊசிக்கடியில் இருக்கும் பல் வரிசையே துணியைச் சீரான இடைவெளியில் பின்னுக்கு நகர்த்துகிறது. தொடங்குபவர் பொறுமையின்றித் துணியை இழுக்கும்போது ஊசி வளைகிறது, வளைந்த ஊசி தகட்டில் இடித்து முறிகிறது, அல்லது தையல்கள் ஒன்று நெருக்கமாகவும் ஒன்று அகலமாகவும் விழுகின்றன.

நூலின் இறுக்கத்தைச் சரிபார்ப்பது அடுத்த பாடம். இது ‘டென்ஷன்’ என்ற சொல்லாலேயே தையற்காரர் அனைவரிடமும் வழங்குகிறது. மேல்நூல் மிகையாக இறுகியிருந்தால் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் துணியின் மேற்பக்கத்தில் தலைகாட்டும். மேல்நூல் தளர்ந்திருந்தால் அதுவே அடிப்பக்கத்தில் கண்ணிகளாகத் தொங்கும். மேலும் கீழும் வெவ்வேறு நிற நூல்களைக் கோத்து ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தால் இக்குறை ஒரே பார்வையில் விளங்கிவிடும் என்பது அத்தை கையாண்ட முறை. துணியின் கனத்துக்கேற்ப ஊசி மாற வேண்டும் என்பதும் அப்போதே கற்பிக்கப்பட்டது. சாதாரணப் பருத்திக்கு 14ஆம் எண் ஊசியும், காடாவுக்கும் காற்சட்டைத் துணிக்கும் 16ஆம் எண் ஊசியும் பொருந்தும். தையலின் நீளம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருப்பது பைக்கு ஏற்றது. நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று தொடங்குபவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் மிக நெருங்கிய ஊசித் துளைகள், அஞ்சல்தலைத் தாளில் உள்ள துளைவரிசை போல், துணி எங்கே கிழிய வேண்டும் என்று கோடு காட்டிவிடுகின்றன.

துணியை வெட்டுமுன் அதன் இழைப் போக்கை அறிவது பை தைப்பவருக்கு இன்றியமையாதது. தறியில் நீளவாக்கில் கட்டப்படும் இழைகள் பாவு எனவும், அவற்றுக்குக் குறுக்கே ஓடும் இழைகள் ஊடை எனவும் வழங்கும். துணியின் இரு நீண்ட ஓரங்களில் பிரியாமல் இருக்கும் கரைக்கு இணையாகச் செல்வது பாவு. நெசவின்போது இழுத்துக் கட்டப்படுவதால் பாவு இழை மிகக் குறைவாகவே நீளும். ஊடை சற்று நெகிழும். இரண்டுக்கும் மூலைவாட்டமான போக்கில் துணி இரப்பர்போல் இழுபடும். அத்தை தம் மாணவியின் கையில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து மூன்று திசையிலும் இழுத்துப் பார்க்கச் செய்தார். கைப்பிடிகள் ஏன் எப்போதும் கரைக்கு இணையாக வெட்டப்பட வேண்டும் என்பதற்கு அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை. மூலைவாட்டில் வெட்டிய கைப்பிடி, சுமை ஏறுந்தோறும் நீண்டு, நாளடைவில் பை தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கிப்போகும். புதிய பருத்தித் துணியாயின் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்த வேண்டும் என்பதும் இதனுடன் சேர்ந்த விதி. நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் துணி சுருங்கி, சுருங்காத நூலை ஒட்டித் தையல் நெளியும். பழைய துணிக்கு இந்தக் கவலை இல்லை, அது சுருங்க வேண்டிய அளவு முன்பே சுருங்கிவிட்டது.

தொடங்குபவர் தைக்கும் பையின் அளவுகளை இங்கே முறையாகக் குறிப்பது பயன் தரும். முடிந்த நிலையில் 38 சென்டிமீட்டர் அகலமுள்ள பைக்கு, 41 சென்டிமீட்டர் அகலமும் 88 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரே துண்டு போதும்; அதை நடுவில் மடித்தால் அடிப்பக்கம் தையலின்றி மடிப்பாகவே அமைவதால், சுமை நேராக வந்து அழுத்தும் இடத்தில் பிரிவதற்கு ஒன்றுமில்லை. கைப்பிடிக்கென 60 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பட்டைகள் வேண்டும். 90 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் எடுத்தால் இவையனைத்தும் வெட்டியபின் ஓர் உள்பைக்கும் துணி மிஞ்சும். சாக்கையும் கைலியையும் பயன்படுத்திய காலத்தில் இவ்வளவுகள் எண்ணாகச் சொல்லப்படவில்லை. ‘முழங்கையிலிருந்து விரல்நுனி வரை’, ‘நாலு விரல் அகலம்’ என்று உடம்பே அளவுகோலாக இருந்தது. ஆயினும் கிடைத்த பை ஏறக்குறைய இதே அளவினதாக இருந்ததற்குக் காரணம், கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது தரையில் உரசாத பையின் உயரம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதேயாகும்.

பக்கங்களை இணைப்பதில் அத்தை வற்புறுத்திய முறை, தையல் வகுப்புகளில் பிரெஞ்சுத் தையல் எனப்படும் இரட்டை இணைப்பு. துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே ஒருமுறை தைத்து, வெளிநீட்டிய இழைகளை நறுக்கிவிட்டு, பையை உட்புறம் வெளியாகத் திருப்பி, அதே ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் உள்ளே மறுமுறை தைப்பது அதன் செய்முறை. வெட்டிய விளிம்பு இரண்டு தையல்களுக்கு நடுவே அடைபட்டுவிடுவதால் இழை பிரிந்து வர வழியில்லை. விளிம்புகளைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் இல்லாத வீடுகளில் இதுவே பையின் ஆயுளை நீட்டித்தது. முதல் தையலை நல்ல பக்கத்தில் போட வேண்டும் என்பது தொடங்குபவருக்கு முறை தவறியதாகத் தோன்றும். பையைத் திருப்பி இரண்டாம் தையலையும் முடித்து, உள்ளும் புறமும் ஒன்றுபோல் துப்புரவாக இருப்பதைக் காணும்போதுதான் அதன் நியாயம் தெளிவாகும்.

பையின் உயிர்நிலை, கைப்பிடி வாயோடு சேரும் இடம். இரண்டு கைப்பிடிகளுக்கும் சேர்த்து நான்கு இணைப்புகள் உள்ளன. 5 கிலோ அரிசி மூட்டையை வைத்து அசையாமல் தூக்கினால் ஒவ்வோர் இணைப்பும் ஒன்றேகால் கிலோவைத் தாங்குகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பை ஏறி இறங்குவதால் அந்த அளவு கூடுகிறது. ஒரு கைப்பிடி மட்டும் பிடியில் இருந்தால் இரண்டே இணைப்புகள் முழுச் சுமையையும் ஏற்கின்றன. ஆகவே பட்டையின் இரு நீண்ட ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடியும் பாதியாக மடித்து, நான்கு அடுக்காக இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் இரு ஓரமும் தைத்துக் கைப்பிடி ஆக்கப்படுகிறது. பையின் வாயை ஒரு சென்டிமீட்டரும் பின் மூன்று சென்டிமீட்டரும் மடித்து, பக்க ஓரத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியின் நுனியை அந்த மடிப்புக்குள் செருகி, மடிப்பைத் தைத்தபின் கைப்பிடியை மேல்நோக்கி நிமிர்த்தி, அதன் அடிப்பகுதியில் ஒரு சதுரமும் அச்சதுரத்துக்குள் பெருக்கல் குறியும் வரும்படி தைக்க வேண்டும். நேர்க்கோடு ஒன்றே இருந்தால் சுமை முழுவதும் அந்த ஒரு வரிசைத் துளைகளில் விழும்; சதுரமும் குறுக்குக் கோடுகளும் அதைப் பல திசைகளிலும் பல இழைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கின்றன. மூலையை அடையும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, அழுத்தும் காலை மட்டும் தூக்கி, துணியைத் திருப்பி, மீண்டும் காலை இறக்கித் தைக்க வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் மூலை விலகிவிடும். பல அடுக்கு கனமுள்ள இந்த இடத்தில் மிதியை நம்பாமல் கைச்சக்கரத்தையே மெல்லச் சுழற்றி ஒவ்வொரு தையலாகப் போடுவதும் அத்தையிடமிருந்து வந்த பழக்கமே.

அடிமூலைகளுக்கு அகலம் கொடுப்பது எளியது. ஆயினும் பையின் இயல்பையே மாற்றிவிடும். பையை உட்புறம் வெளியாக வைத்து, பக்கத் தையல் அடிமடிப்பின் மேல் படியும்படி மூலையை முக்கோணமாகப் பிதுக்கி, நுனியிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே குறுக்காகத் தைத்தால், அக்கோட்டின் நீளம் 10 சென்டிமீட்டராக அமைந்து, பைக்கு அதே அளவு அகலமான அடித்தளம் கிடைக்கிறது. உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறைகிறது. தட்டையான பையில் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து மூலைகளில் குவியும். அடித்தளம் உள்ள பையில் அவை நின்று, சுமை பரவுகிறது. தாள் பைகளுக்கு இதே தட்டையான அடியை அமைக்கும் இயந்திரத்தை வடிவமைத்து 1871ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் நைட் என்ற தொழிலாளிப் பெண். அவருடைய வடிவமைப்பைத் தனதென்று கூறிய ஒருவரை அவர் வழக்காடி வென்றே அவ்வுரிமையைப் பெற்றார். இயந்திரத்தின் நுட்பம் ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க இயலாது என்பது எதிர்த்தரப்பின் வாதமாக இருந்தது என்று அறியும்போது, லயத்து வீடுகளில் கணக்குக் கல்வியின்றி அதே வடிவியலைக் கையால் செய்த பெண்களின் அறிவும் எவ்வளவு எளிதில் கணக்கில் சேராமல் போயிற்று என்பது மனத்தில் உறைக்கிறது.

கைப்பிடிப் பைக்கு அடுத்து இரண்டு வடிவங்கள் கற்பிக்கப்பட்டன. சுருக்குப்பையில் வாயைச் சுற்றி ஒரு மடிப்புக் குழாய் தைக்கப்பட்டு, அதனுள் இரு கயிறுகள் எதிரெதிர்த் திசையில் கோக்கப்படுகின்றன. இரண்டையும் இழுத்தால் வாய் சுருங்கி மூடுகிறது, சில்லறை சிந்துவதில்லை. ஜோல்னாப் பையில் தோளில் மாட்டும் நீண்ட பட்டையே கீழிறங்கிப் பையின் இரு பக்கச் சுவர்களாகவும் அடித்தளமாகவும் ஒரே வளையமாகச் சுற்றி வருகிறது. முன்பக்கமும் பின்பக்கமும் அந்த வளையத்தின் மேல் தைக்கப்படுவனவே. சுமையை முதன்மையாகத் தாங்குவது எந்த இடத்திலும் அறுபடாத பட்டையாக இருப்பதால், தோளிலிருந்து அடிவரை எடை நேராக இறங்குகிறது. கைப்பிடிப் பையில் நான்கு இணைப்புகளை வலுப்படுத்தக் கற்றவர், இணைப்பே குறைந்த ஒரு வடிவத்தை ஜோல்னாப் பையில் காண்கிறார். இந்த வரிசையில் கற்பித்ததனால் ஒவ்வொரு பையும் முந்தைய பை எழுப்பிய வினாவுக்கு விடையாக அமைந்தது.

இவ்வறிவு தேய்ந்ததற்குக் காரணம் பிளாஸ்டிக் பை. சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த, கைப்பிடியும் பையும் ஒன்றாக அமைந்த பாலித்தீன் பைக்கு 1965ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது உலகெங்கும் கடைகளில் இலவசமாகக் கொடுக்கப்படும் பொருளாயிற்று. தாசேக் கெலுகோர்ச் சந்தையிலும் மளிகைக் கடைகளிலும் மீனுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, அவற்றை வைக்க மற்றொன்று என்று பைகள் கேட்காமலே வந்தபோது, வீட்டிலிருந்து பை எடுத்துச்செல்வது வறுமையின் அடையாளம்போல் பார்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் துணிக்கடைகளும் திருமண வீடுகளும் கொடுத்த மஞ்சப்பையை ஏந்தியவர் பட்டிக்காட்டார் என்று ஏளனம் செய்யப்பட்டதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். இதனுடன் சேர்ந்து, இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டும் நிலம் விற்கப்பட்டும் தோட்டங்கள் மாறியபோது, குடும்பங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. கனமான இரும்புக் கால்களைக் கொண்ட தையல் இயந்திரம், சிறிய வீட்டில் இடத்தை அடைக்கும் பொருளாகிப் பலரால் கழித்துவிடப்பட்டது.

நிலைமை மாறத் தொடங்கியது பினாங்கு மாநில அரசின் ஒரு நடவடிக்கையால். 2009ஆம் ஆண்டு சூலை மாதம் முதல் திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்று தொடங்கிய இயக்கம், 2010இல் வாரத்துக்கு மூன்று நாள்களாக விரிந்து, 2011 சனவரி 1 முதல் எல்லா நாள்களுக்கும் உரியதாயிற்று. பை வேண்டுவோர் 20 சென் கொடுத்து வாங்க வேண்டும் என்றும், அத்தொகை வறியோருக்கான நிதிக்குச் செல்லும் என்றும் விதிக்கப்பட்டது. பின்னாளில் கட்டணம் ஒரு ரிங்கிட்டாக உயர்ந்தது. 2018இல் மலேசிய நடுவண் அரசும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதற்கான திட்டவரைவை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 திசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கம் தொடங்கப்பட்டு, ஏளனத்துக்கு உள்ளான அதே பை அரசின் அறிவிப்புப் பலகைகளில் இடம்பெற்றது. 20 சென் பெரிய தொகை அன்று. ஆயினும் கேட்காமலே வந்துகொண்டிருந்த ஒன்றுக்கு விலை வந்தவுடன், வீட்டில் உள்ள துணியைப் பற்றிய பழைய சிந்தனை திரும்பியது என்பதே கட்டுரையாளர் தம் வட்டாரத்தில் கண்டது.

20 சென் கட்டணம் வந்த காலத்தை ஒட்டி, தாசேக் கெலுகோர்ப் பகுதித் தாமான் ஒன்றின் பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொதுமண்டபத்தில், பை தைக்கக் கற்க விரும்பிய பெண்கள் மாலை வேளைகளில் கூடினர். கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை சிற்றூர்களில் நடத்தும் தையல் வகுப்புகளைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் வேண்டியது சட்டையும் பாஜு குரோங் என்னும் மலாய்ப் பெண்களின் உடையும் தைக்கும் நீண்ட பயிற்சியன்று, சந்தைக்கு எடுத்துச்செல்ல ஒரு பை. கற்பிக்கும் பொறுப்பு கட்டுரையாளருக்கு வந்தபோது, அத்தை வகுத்த வரிசையே அங்கும் பின்பற்றப்பட்டது. மின்னியந்திரமே இருந்தபோதிலும் நூலின்றிக் கோடு போட்ட தாளில் தைப்பதிலிருந்து வகுப்பு தொடங்கியது. மின்விசை மிதியை அழுத்தியதும் இயந்திரம் பாய்ந்தோடுவதைக் கண்டு அஞ்சிய முதியவர்களுக்கு, அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டித் தாளில் பழகுவது தைரியம் கொடுத்தது.

புதிய துணி வாங்கி வர வேண்டாம், வீட்டிலுள்ள பழைய துணியையே கொண்டுவாருங்கள் என்று சொல்லப்பட்டிருந்ததால், மேசைமேல் சன்னல் திரைகள், பள்ளிச் சீருடைகள், பாத்தேக் துண்டுகள், வேட்டிகள், கைலிகள் என்று பலவும் குவிந்தன. வகுப்புக்கு வந்தவர்களுள் ஒருவர், நீலக் கட்டம் போட்ட கைலியை மடி கலையாமல் எடுத்து வைத்து, “டீச்சர், இது எங்க வீட்டுக்காரரோடது. வெட்டுறது வீணாயிடக் கூடாது” என்றார். அந்தக் கைலி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்பட்டது. இடுப்பில் முடிச்சுப் போடும் பகுதி நைந்திருந்தது, கீழ்ப்பகுதி நன்றாக இருந்தது. கட்டங்களின் கோடுகளே பாவையும் ஊடையையும் காட்டியதால் அளவுகோல் இல்லாமலே நேராக வெட்ட முடிந்தது. கைலி மெல்லிய துணி என்பதால் உட்புறத்தில் பழைய திரைத் துணியை வைத்து இரண்டையும் ஒன்றாகத் தைக்கும்படி சொல்லப்பட்டது. வெட்டும்போது அவர் எடுத்துக்கொண்ட நேரமும், ஒவ்வொரு கோட்டையும் இருமுறை சரிபார்த்த கவனமும், இளையவர்களுக்கு எந்தச் சொற்பொழிவும் தர முடியாத பாடமாயின.

பை முடிந்ததும் அதைப் புகழ்வதோ மதிப்பெண் இடுவதோ வகுப்பில் வழக்கமாக இல்லை. மண்டபத்தில் வைத்திருந்த 5 கிலோ அரிசி மூட்டையைப் பைக்குள் இட்டு, தைத்தவரே தூக்கிக்கொண்டு வாசற்படியில் ஏறி இறங்கி, மண்டபத்தைச் சுற்றி வர வேண்டும். பின்னர் அரிசியை எடுத்துவிட்டு நான்கு இணைப்புகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஊசித் துளைகள் வாய்பிளந்திருந்தால் தையல் துணியின் விளிம்புக்கு மிக அருகில் விழுந்திருக்கிறது என்று பொருள். நூல் தளர்ந்திருந்தால் இறுக்கம் போதவில்லை என்று பொருள். ஒரு கைப்பிடி மற்றதைவிட நீண்டிருந்தால் இழைப் போக்கு மாறி வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். குறை கண்ட இடத்தை மட்டும் பிரித்து மறுபடி தைப்பதற்குத் தையல் பிரிக்கும் சிறு கொக்கிக் கத்தி எல்லாருடைய கையிலும் இருந்தது. ஆசிரியரின் சொல்லுக்காகக் காத்திராமல் சுமையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்த முறை, கூச்ச இயல்புள்ள பெண்களையும் தம் வேலையைத் தாமே மதிப்பிடத் துணிய வைத்தது.

துணிப்பை எதுவாயினும் சுற்றுச்சூழலுக்கு நன்மையே என்ற எண்ணம் திருத்தத்துக்குரியது. பிரித்தானியாவின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய பருத்திப் பை ஒன்று, மறுபயன்பாடில்லாத சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைந்த பங்களிப்புச் செய்ய வேண்டுமானால், குறைந்தது 131 முறை பயன்படுத்தப்பட வேண்டும். பருத்தி விளைவிக்கவும், நூற்கவும், நெய்யவும் செலவாகும் உரமும் ஆற்றலும் அந்த எண்ணுக்குள் அடங்கியுள்ளன. விழாக்களிலும் கடைத்திறப்புகளிலும் இலவசமாகக் கொடுக்கப்பட்டு, அலமாரிகளில் அடைந்து கிடக்கும் புதிய துணிப்பைகள் இந்தக் கணக்கில் ஒருபோதும் தேறுவதில்லை. பழைய கைலியிலிருந்து தைத்த பைக்கோ அச்செலவு அனைத்தும் கைலியாக இருந்த காலத்திலேயே கழிந்துவிட்டது. பைக்கென்று புதிதாகச் செலவானது சிறிது நூலும் ஒரு மாலை நேரமும் மட்டுமே. தோட்டத்துப் பெண்கள் இல்லாமையால் செய்ததை இன்று அறிவால் செய்ய வேண்டியிருக்கிறது. பயன்படுத்தப்படும் துணியின் வயதிலேயே துணிப்பையின் நன்மை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பதைப் பை தைக்கக் கற்பிக்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும்.

வாங்கிய பைக்கும் தைத்த பைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, கைப்பிடி அறும் நாளில் வெளிப்படுகிறது. வாங்கியவர் அதைக் குப்பையில் போடுகிறார். தைத்தவருக்கோ எந்தத் தையல் முதலில் போடப்பட்டது, அதை எங்கே பிரித்தால் உள்மடிப்பை எட்டலாம், அங்கே எந்தத் துண்டை ஒட்டுப் போட்டால் தாங்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. பாலாய் ராயா வகுப்பில் கற்றவர்கள் பின்னாளில் புதிய பைகளோடு வந்ததைவிடப் பழைய பைகளைச் சீர்படுத்திக்கொண்டு வந்ததே அதிகம். அவர்களுள் சிலர் தம் பேரப்பிள்ளைகளின் பள்ளிப்பைகளையும், அண்டை வீட்டாரின் கிழிந்த பைகளையும் சரிசெய்து கொடுக்கத் தொடங்கினர். தொழிலாகவோ வருமானமாகவோ அது வளரவில்லை, வளர வேண்டிய கட்டாயமும் இல்லை. நேராகத் தைக்கும் ஒரு கையும், சுமை எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் ஒரு மனமும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், அந்த வீட்டின் பழைய துணி எதுவும் அத்தனை எளிதில் குப்பையாவதில்லை. தமிழ்ப்பள்ளிகளும் ஆலய மண்டபங்களும் மகளிர் மன்றங்களும் இந்தச் சிறு கல்விக்கு ஆண்டில் சில மாலைகளை ஒதுக்குவது, பெருஞ்செலவின்றி இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.